பத்தாங்கட்டைக் கல்லறைகள்

புக்கிட் பாஞ்சாங்கை மூத்த தமிழர்கள் பலர் இன்றும் 'பத்தாங்கட்டை' என்றுதான் சொல்கிறார்கள். பட்டணத்திலிருந்து புக்கிட் தீமா சாலையில் வந்தால் பத்தாவது மைல்கல் நின்ற இடம் அது. மைல்கல் போயிற்று, மைல் கணக்கும் போயிற்று, 2011 ஜூன் 30 இரவோடு ரயிலும் போயிற்று. பேச்சில் மட்டும் அந்தக் 'கட்டை' நிற்கிறது. அங்கிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை வழியே தெற்கே வந்தால், கேஷ்யூ எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் புனித சூசையப்பர் ஆலயம் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்கு அது 1960களில் கட்டப்பட்ட ஓர் ஆலயக் கட்டடம், அவ்வளவுதான். அந்தப் பங்கின் வயது அந்தக் கட்டடத்தின் வயதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதும், ஆலயத்தை ஒட்டிப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருப்பதும் சாலையிலிருந்து தெரியாது.

கோயிலும் கல்லறையும் ஒரே வளாகத்தில் இருப்பது தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு செய்தியே அல்ல. சிங்கப்பூரில் அது மிக அரிது. இந்தத் தீவில் இறந்தவர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆர்ச்சர்டு ரோட்டின் கடைத்தொகுதிகளுக்கு அடியிலும், பீஷான் அடுக்குமாடிகளுக்கு அடியிலும், நொவீனா நிலையத்தின் பக்கத்திலும் ஒரு காலத்தில் கல்லறைகள் இருந்தன. அவற்றில் பல, பணமும் செல்வாக்கும் கொண்ட சமூகங்களுக்குச் சொந்தமானவை. அவை போய்விட்டன. காட்டோரத்தில் மிளகும் காம்பியரும் பயிரிட்ட ஒரு சிறு கிறிஸ்தவச் சீனக் குடியிருப்பின் அடக்க நிலம் தங்கியிருக்கிறது. ஏன் இப்படி என்ற கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

முதலில் அந்தக் குடியானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1840களில் சிங்கப்பூர் என்றால் ஆற்றங்கரைப் பட்டணம் மட்டும்தான். உள்ளே முழுவதும் காடு. பட்டணத்திலிருந்து தீவின் வடகரையிலுள்ள கிராஞ்சிவரை சாலை போய்ச் சேர்ந்ததே 1845இல்தான். அந்தக் காலத்துச் சாலைகளைப் போட்டவர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சாலை வருவதற்கு முன்பே சீனத் தோட்டக்காரர்கள் சிற்றாறுகளின் வழியாக உள்ளே போயிருந்தார்கள். சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்று இன்றைக்கு நாம் சொல்லும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அந்த ஆற்றுக்கரைக் குடியேற்றங்களின் மிச்சம். முதலில் வரும் சுவா, லிம், இயோ ஆகியவை அவற்றை நடத்திய குலங்களின் பெயர்கள்.

காம்பியர் என்பது நம் காசுக்கட்டிக்கு உறவான சரக்கு. இலையைப் பெரிய கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, இறுகிய சாற்றைக் கட்டியாக வெட்டி எடுப்பார்கள். வெற்றிலையோடு மெல்லுவதற்கும் தோல் பதனிடுவதற்கும் சாயத்துக்கும் அது போயிற்று. கொதித்து மிஞ்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு உரம். ஆனால் கொப்பரைக்கு விறகு வேண்டும். விறகுக்குக் காட்டை வெட்ட வேண்டும். 15, 20 ஆண்டுகளில் மண்ணும் சோர்ந்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். தோட்டக்காரன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவான். இந்தத் தொழிலின் இயல்பே ஓரிடத்தில் நிலைக்காமல் இருப்பது. புலிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். ஊருக்குத் திரும்பிப் போகக் கப்பல் காசு சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வந்த இளைஞர்கள் அவர்கள். செத்தால் எங்கே புதைப்பார்கள், யார் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள் என்ற கவலை அவர்களுக்கு வேறு எந்தக் கவலையையும்விடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கவலைக்குச் சீனர்களிடம் ஒரு பதில் இருந்தது. ஊர்ச் சங்கமும் மொழிக்குழுச் சங்கமும் தமக்கென்று ஒரு குன்றை வாங்கி அதை இடுகாடாக நடத்தின. இரகசியச் சங்கங்களும் உறுப்பினர்களின் சாவுச் செலவை ஏற்றன. சந்தா கட்டுகிறவனுக்கு இறந்த பின் ஒரு குழி, ஒரு கல், ஆண்டுக்கு ஒருமுறை, முன்னோரை நினைக்கும் சிங் மிங் நாளில், யாராவது ஒருவர் வந்து புல்லைச் செதுக்கும் உறுதி. கல்லறை என்பது அங்கே உறுப்பினர் அட்டை மாதிரி. நீ யாருடைய ஆள் என்பதை நீ கிடக்கும் குன்று சொல்லிவிடும்.

1846இல் அனட்டோல் மொடுயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர், புக்கிட் தீமா பகுதியில் சீனத் தோட்டக்காரர்களுக்காக ஓலைக்கூரை வேய்ந்த ஒரு சிற்றாலயத்தை ஏற்படுத்தினார். 1850களின் தொடக்கத்தில் அது நிலையான கட்டடமாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற தோட்டக்காரன் பழைய சங்கத்திலிருந்து விலகினான். விலகியவனுக்குச் சங்கத்தின் காவல் போயிற்று. என் கணிப்பில், சங்கத்தின் குன்றும் அதோடு போயிற்று. ஆகவே பாதிரியார் ஆலயத்தோடு கல்லறை நிலத்தையும் தராமல் முடியாது. ஜெபிக்க ஓர் இடம் இல்லாவிட்டால் மரத்தடியில் ஜெபிக்கலாம். புதைக்க இடம் இல்லாவிட்டால் அந்தச் சமூகமே இல்லை. சிறு சமூகங்கள் கோயிலுக்கு முன்னே இடுகாட்டுக்கு நிலம் தேடுவதை வேறு இடங்களிலும் பார்க்கிறோம். அதற்கு இந்தத் தீவிலேயே இன்னோர் உதாரணம் பின்னால் வரும்.

விலகியதற்கு விலையும் கொடுத்தார்கள். 1851 பிப்ரவரியில் தீவின் உட்பகுதியில் கிறிஸ்தவச் சீனத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. தோட்டங்கள் கொளுத்தப்பட்டன; 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. மதம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. கிறிஸ்தவர்கள் பெருகினால் சங்கத்தின் ஆளும் வருமானமும் குறையும். சங்கத்தின் இரகசியங்களும் பாதிரியார் வழியாக அரசாங்கத்தின் காதுக்குப் போகும் என்ற அச்சமும் இருந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகும் புக்கிட் தீமாவில் அந்தச் சமூகம் தங்கியது என்பதே வியப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் இடம் மாறும் தொழிலைச் செய்தவர்களை ஒரே இடத்தில் கட்டிப்போட்டது அந்த ஆலயமும், அதன் பக்கத்தில் மண்ணுக்குள் போன உறவினர்களும்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் கத்தோலிக்கப் பேரேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூல், பங்குக் குரு 5 பேரேடுகளை வைத்திருக்க வேண்டும் என்றது: ஞானஸ்நானம் பெற்றவர்கள், உறுதிபூசுதல் பெற்றவர்கள், திருமணம் செய்தவர்கள், பங்கிலுள்ள குடும்பங்களின் நிலை, இறந்தவர்கள். ஐந்தாவது நூலைத் தமிழ்நாட்டுப் பங்குகளிலும் பார்க்கலாம். அரசாங்கம் பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்குவதற்கு முன்பே, கடற்கரை ஊர்ப் பரதவர் ஒருவரின் சாவும், புக்கிட் தீமாவின் காம்பியர்க் கூலி ஒருவரின் சாவும் பதியப்படுவதற்கு ஒரே விதி இருந்தது. கல் உடையும், மண் சரியும், மரவேர் எழுத்தைத் தின்னும். பேரேட்டில் பெயர் இருந்தால் யாருடைய கல் என்று பிறகும் சொல்ல முடியும். ஒரு சமூகம் தன் கல்லறையின்மீது உரிமை கேட்கும்போது கையில் காட்டுவதற்கு அதைவிடப் பெரிய ஆவணம் இல்லை.

பணம் காக்குமா என்று கேட்பவர்களுக்கு சியா யூ சின் கதையைச் சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் காம்பியர் என்றாலே அவர் பெயர்தான். தியோச்சியூ சமூகத்தின் தலைவர். 1845இல் ஙீ ஆன் கொங்சி என்ற சங்கத்தை நிறுவியவர். அந்தக் கொங்சி ஆர்ச்சர்டு ரோட்டில் தாய் ஷான் திங் என்ற பெரிய இடுகாட்டை நடத்தியது. இப்போது அங்கே நிற்பது ஙீ ஆன் சிட்டி கடைத்தொகுதி. 1883இல் காலமான சியா யூ சின்னின் சொந்தக் கல்லறையே பல பத்தாண்டுகள் காணாமல் போயிற்று. 2012இல்தான் தோ பாயோ மேற்கில் புதர் மூடிய ஒரு மேட்டில், பழைய கல்லறைகளைத் தேடித் திரியும் ஆர்வலர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். காம்பியர் முதலாளியின் சமாதி காட்டில் மறைந்து கிடந்த அத்தனை ஆண்டுகளிலும், காம்பியர்க் கூலிகளின் பங்கில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முதலாளிக்குச் சொத்து இருந்தது, வாரிசுகள் இருந்தார்கள். பக்கத்தில் குடியிருந்து தினம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு இல்லை.

மொழிக்குழுக்களின் குன்றுகளுக்கும் இதே கதைதான். கேன்டனீயர்கள், ஹக்காக்கள் ஆகியோருக்காக 1870இல் தொடங்கிய பெக் சான் தெங் இடுகாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. 1979இல் அரசாங்கம் நிலத்தை எடுத்தது. அங்கே எழுந்ததுதான் பீஷான். ஹாலந்து குளோசில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1822இல் நிறுவப்பட்ட யிங் ஃபோ ஃபூய் குன் என்ற ஹக்கா சங்கம் 1887இல் 'இரட்டை டிராகன் குன்று' என்று பெயரிட்டு ஓர் இடுகாட்டை அமைத்தது. 1960களில் குவீன்ஸ்டவுன் வீடுகளுக்காக அதை அரசாங்கம் எடுத்தபோது சங்கம் மன்றாடியது. நூறு ஏக்கருக்கு மேல் இருந்ததில் 4.5 ஏக்கர், அதுவும் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. தோண்டி எடுத்த எலும்புகளை மறுபடி அடக்கம் செய்து, ஒரே அளவுக் கற்களை ஒரே சீராக வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் சன்னலிலிருந்து பார்த்தால் அது பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அணிவகுத்து நிற்பதுபோல் இருக்கும். ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லாரும் ஒரே உயரம். குன்று போய்விட்டது, ஆனால் வழிபாட்டு மண்டபமும் சங்கமும் அந்த இடத்திலேயே இருப்பதால் பெயர்கள் போகவில்லை.

பட்டணத்துக் கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் மோசம். இதை எழுதும்போது என் மனம் லிட்டில் இந்தியாவுக்குத்தான் போகிறது. ஃபோர்ட் கேனிங் குன்றின் கல்லறை 1865இல் நிரம்பி மூடப்பட்டது. அடுத்து புக்கிட் தீமா சாலையின் பட்டண முனையில், இன்றைய கேகே மருத்துவமனைக்கு அருகே, ஒரு கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டு, பிறகு கம்போங் ஜாவா பூங்காவாக ஆயிற்று. அதற்கு அடுத்தது பிடாடரி: 1907இல் தொடங்கி 1972இல் மூடப்பட்டது. 'பிடாடரி' என்ற மலாய்ச் சொல் நமக்கு அந்நியம் அல்ல. 'வித்தியாதரி' என்ற வடசொல்தான் மலாயில் அப்படி ஆயிற்று. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, சிங்களவர் எல்லாருக்கும் அங்கே பகுதிகள் இருந்தன. 2001க்கும் 2006க்கும் இடையில் ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டன. சில கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்தில் நிற்கின்றன.

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்தத் தீவில் வலுவான பங்குகள் இருந்திருக்கின்றன. 1870இல் கட்டிய புனித பேதுரு பவுல் ஆலயம் முதலில் சீனருக்கும் தமிழருக்கும் பொது. 1888இல் ஓஃபிர் ரோட்டில் தமிழருக்கென்றே லூர்து மாதா ஆலயம் எழுந்தது. ஆனால் பட்டணத்து ஆலயத்தின் பக்கத்தில் புதைக்க நிலம் கிடையாது. நகராட்சியின் பொதுக் கல்லறைக்குத்தான் போக வேண்டும். பொதுக் கல்லறை மூடப்படும்போது அடுத்ததற்குப் போக வேண்டும். கோயில் ஓரிடம், கல்லறை வேறிடம் என்று பிரிந்துவிட்ட சமூகம் அந்த நிலத்துக்காகப் பேச வலுவற்றுப் போகிறது. பத்தாங்கட்டைக் குடியானவர்களுக்கு இருந்த ஒரே நன்மை, அவர்கள் பட்டணத்தில் இல்லை என்பதுதான். ஒதுக்குப்புறமாக இருந்ததால் கோயிலும் கல்லறையும் ஒரே வேலிக்குள் அமைந்தன.

ஒதுக்குப்புறம் என்பதாலேயே அந்த நிலம் அமைதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1903இல் ரயில் இந்தப் பகுதியைக் கடந்து உட்லண்ட்ஸ் போயிற்று. 1942 பிப்ரவரி 10 இரவில் ஜப்பானியப் படை புக்கிட் பாஞ்சாங்கைப் பிடித்தது; அடுத்த நாள் புக்கிட் தீமாவும் விழுந்தது. 15ஆம் தேதி சரணாகதி நடந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இதே சாலையில்தான், இன்னும் சற்றுத் தெற்கே இருக்கிறது. வென்றவர்கள் தங்கள் போர் வீரர்களின் சாம்பலை வைக்க புக்கிட் பாத்தோக் குன்றின்மேல் ஒரு பெரும் நினைவுத்தூணைப் போர்க்கைதிகளைக் கொண்டு கட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. சாம்பல் ஹவ்காங்கிலுள்ள ஜப்பானியர் கல்லறைக்குப் போயிற்று. இப்போது மிஞ்சியிருப்பவை குன்றேறும் படிகளும் இரண்டு தூண்களும். பேரரசு கட்டிய சமாதி மூன்றாண்டு நின்றது. நாலு மைலுக்குள் இருக்கும் பங்குக் கல்லறை ஒரு பேரரசின் வருகையையும் போக்கையும் பார்த்துவிட்டது.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வடக்கே போனால் கிராஞ்சிப் போர்க் கல்லறை. அங்கே 4,461 காமன்வெல்த் வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கற்களின் வரிசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அங்கேயே தகன நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கானது அது; அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பெரிய நினைவு மண்டபத்தின் தூண்களில் கல்லறையே இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. இந்தியப் பெயர்களும் அவற்றில் ஏராளம். உடல் இல்லை, குழி இல்லை, சாம்பலும் இல்லை. பெயர் இருக்கிறது, அதை ஆண்டுதோறும் பராமரிக்கப் பொறுப்பேற்ற ஓர் ஆணையம் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கிராஞ்சிவரை சாலை போட்ட இந்தியக் கைதிகளுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இன்று இந்தத் தீவில் இல்லை. அவர்களின் நினைவு அந்தச் சாலைதான். அதில் பெயர் எதுவும் எழுதியில்லை.

சுதந்திரச் சிங்கப்பூரின் கணக்கு வேறு. நிலம் குறைவு, மக்கள் அதிகம். 1966இன் நில எடுப்புச் சட்டம் வந்த பிறகு எந்தக் குன்றும் நிரந்தரம் அல்ல என்று ஆயிற்று. எனக்கு அந்த முடிவுகளில் குறை சொல்ல முழு மனம் வருவதில்லை. குவீன்ஸ்டவுனிலும் பீஷானிலும் புக்கிட் பாஞ்சாங்கிலும் வீடு கிடைத்தவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. ஒழுகும் கூரைக்கு அடியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து மாடி வீட்டில் வைத்தவர்கள், அடியில் யார் கிடந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. ஆனால் நிலத்தை எடுப்பது ஒன்று, பெயரை எடுப்பது வேறொன்று. முதலாவது தேவையாக இருந்திருக்கலாம். இரண்டாவதற்கு எந்தத் தேவையும் இல்லை; அது கவனக்குறைவால் நடந்தது.

இப்போது அடக்கத்துக்குத் திறந்திருக்கும் பொதுக் கல்லறை சுவா சூ காங் ஒன்றுதான். பத்தாங்கட்டையிலிருந்து மேற்கே சுவா சூ காங் சாலையில் போனால் வந்துவிடும். 1998இல் வந்த விதிப்படி அங்கே ஒரு குழிக்கு 15 ஆண்டுதான். அதன்பின் கட்டங்கட்டமாகத் தோண்டி எடுப்பார்கள். எரியூட்டச் சமயம் இடம் தருமானால் எலும்பை எரித்துச் சாம்பலை அஸ்திமாடத்தில் வைக்கலாம். இடம் தராதவர்களுக்குச் சிறிய குழியில் மறு அடக்கம். 2007 முதல் சவக்குழிகள் வரிசையாகக் கான்கிரீட் அறைகளாக அமைகின்றன. 2017இல் அறிவித்தபடி, தெங்கா விமானப்படைத் தளத்தை விரிவாக்க ஏறத்தாழ 80,500 சீன, முஸ்லிம் கல்லறைகள் அங்கிருந்தும் எடுக்கப்படுகின்றன. வெளியேற்றப்பட்டவர்கள் வந்துசேர்ந்த இடமும் கைவிட்டுப் போகிறது.

சுவா சூ காங்கில் நான் அதிகம் யோசித்தது பார்சிகளையும் யூதர்களையும் பற்றி. இவர்கள்தான் சிங்கப்பூரின் உண்மையான சிறு சமூகங்கள். பார்சிகள் இந்தத் தீவில் எடுத்த முதல் கூட்டு முயற்சிகளில் ஒன்று இடுகாட்டுக்கு நிலம் வாங்கியது. மவுண்ட் பால்மரில் 1828இல் அதை வாங்கியபோது அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். பம்பாயில் உள்ளதுபோல் மௌன கோபுரம் எழுப்ப இங்கே வழியில்லை, ஆகவே புதைத்தார்கள். நிலத்தை நடத்த ஏற்பட்ட அறக்கட்டளையே பின்னர் சமூகத்தின் மற்ற காரியங்களையும் பார்த்துக்கொண்டது. சமூகம் கல்லறையை உண்டாக்கியது என்பதைவிட, கல்லறை சமூகத்தை உண்டாக்கியது என்பது அங்கே பொருந்தும். ஷென்டன் வே பக்கத்தில் பார்சி ரோடு என்ற சிறு தெரு இன்னும் உண்டு. கல்லறைதான் சுவா சூ காங்குக்கு வந்துவிட்டது. யூதர்களும் அப்படியே. ஆர்ச்சர்டு ரோட்டில் இருந்த அவர்களின் பழைய இடுகாடு டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்காகவும், தாம்சன் ரோட்டில் இருந்தது நொவீனாப் பகுதியின் மாற்றங்களுக்காகவும் 1980களில் எடுக்கப்பட்டன. இரண்டு சமூகங்களுக்கும் ஆள்பலம் குறைவு. ஆனால் யார் எங்கே கிடக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தது. அதனால் இடம் பெயர்ந்தபோது இறந்தவர்களும் பெயரோடு வந்தார்கள்.

சுவா சூ காங்கில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இதைச் சொன்னால் தமிழர்களே வியப்பதைப் பார்த்திருக்கிறேன். 'நாம் எரிக்கிறவர்கள்தானே' என்பார்கள். சுடுகாடு என்ற சொல்லோடு இடுகாடு என்ற சொல்லையும் நம் மொழி வைத்திருப்பது சும்மா அல்ல. ஆதிச்சநல்லூரின் தாழிகள் தொடங்கி இன்றுவரை தமிழர்களில் புதைக்கும் வழக்கமுடைய சமூகங்கள் பல. வீரசைவர்கள் புதைப்பார்கள், துறவிகளுக்குச் சமாதி வைப்பார்கள், எரிக்கிற குடும்பங்களிலும் குழந்தைகளைப் புதைப்பது வழக்கம். கூலிக்கு வந்தவர்களுக்கு விறகுச் செலவும் ஒரு சுமை. ஆகவே இந்தத் தீவில் தமிழ் எழுத்துப் பொறித்த கற்கள் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பகுதிகள் மூன்றிலும் நடப்பட்டன. நம் முஸ்லிம்கள் 'மையவாடி' என்பார்கள், கிறிஸ்தவர்கள் 'கல்லறைத் தோட்டம்' என்பார்கள், மற்றவர்கள் 'இடுகாடு' என்பார்கள். சொல் மூன்று, சுவா சூ காங்கின் மண் ஒன்று.

சீனர்களின் கல்லறைகளுக்குப் பெரும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1922 முதல் 1973 வரை இயங்கிய புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை போடப்போகிறார்கள் என்ற செய்தி 2011இல் வந்ததும், தன்னார்வலர்கள் வாரந்தோறும் போய்க் கல்லறைகளைப் படித்தார்கள், வரைபடம் போட்டார்கள், குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் குன்றில் ஒரு சீனச் செல்வரின் சமாதிக்குச் சீக்கியக் காவலர் சிலைகள் இரண்டு நிற்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சாலை வந்துவிட்டது, ஆனால் எடுக்கப்பட்ட கல்லறைகள் ஒவ்வொன்றும் படமெடுத்துப் பதியப்பட்டன. அந்த வேலையின் பெருமையில் பாதி சாதாரண மக்களுக்கு.

தமிழ்க் கற்களுக்கு அப்படி ஒரு முயற்சி வேண்டும். 2015இல் சிங்கப்பூரின் அரை நூற்றாண்டுத் தமிழ் நூல்களைத் தேடிச் சேகரித்து மின்வடிவமாக்கிய சமூகம் இது. நூலைப்போலவே கல்லும் பிரசுரம்தான். பிறந்த ஊர், தகப்பன் பெயர், செய்த வேலை, இறந்த தேதி, கல்லை நட்ட மகனின் பெயர் என்று அதில் எழுதியிருப்பது வேறு எங்கும் எழுதப்படாமல் போயிருக்கலாம். ராமநாதபுரமா, தஞ்சாவூரா, கடையநல்லூரா, யாழ்ப்பாணமா என்று குடிபெயர்வின் வரைபடத்தையே அந்தக் கற்களிலிருந்து போடலாம். குடிவரவு ஆவணத்தில் அதிகாரி எழுதிய எழுத்துக்கூட்டல் இருக்கும். கல்லில் இருப்பது வீட்டார் சொன்ன பெயர்.

சூசையப்பர் ஆலயத்தின் மேட்டுக்கு மறுபடி வருகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சீனக் கத்தோலிக்கர்கள் ஏப்ரலில் சிங் மிங்கும் அனுசரிப்பதால் அவர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை இறந்தோர் நாள். மெழுகுவத்தி, பூ, சிலுவைக் குறி, சீன எழுத்தில் ஊர்ப்பெயர், அதற்கு மேலே ஞானஸ்நானப் பெயர். 1840களில் பழைய சங்கத்தை விட்டு வெளியேறியவர்களின் சமூகம், சங்கத்திடமிருந்து எந்த வழக்கத்தை விடவில்லை என்று பாருங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை வந்து புல்லைச் செதுக்குவதை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வந்த பாட்டி, முடிந்ததும் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தப் பக்கம் போய்வர முடியும். கல்லறைக்கென்று தனியாக ஒரு நாளை ஒதுக்க வேண்டியதில்லை, வண்டி பேச வேண்டியதில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் மற்ற குன்றுகளுக்குக் கிடைக்காதது.

நமக்கு அந்த வசதி இல்லை. நம் கோயில்களின் பக்கத்தில் கல்லறை இருக்காது, இருக்கவும் கூடாது என்பது நம் முறை. அப்படியானால் பேரேடாவது வேண்டும். 2011இல், கடைசி ரயில் பத்தாங்கட்டையைக் கடந்துபோன ஆண்டில், சுவா சூ காங்கில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு 2026இல் 15 ஆண்டு நிறைகிறது. அவர்களின் கற்கள் இன்னும் சில காலம் அங்கே இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் ஒரு சனிக்கிழமைக் காலையில், கைப்பேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு நாலு பேர் போனால், பகலுக்குள் இரண்டு வரிசையை எழுதிவிடலாம்.